நடுவர் தீர்ப்பும் மிக்ஸி ஜாரும்

அப்பாசியா, குவைத்
சனிக்கிழமை

அன்புத் தங்கை சுகிர்தராணிக்கு,

மாதாவின் தயவில் நான் நலம், மூட்டுவலியும் நலம். நாகர்கோவிலில் நீங்கள் எல்லாரும் நலம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பெரிய துயரத்தில் எழுதுகிறேன். இங்குள்ள தமிழ்ச் சங்கப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராகப் போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியது சரியா, தவறா என்பது தலைப்பு. தவறு என்று பேசியவன் என் மகன் பெனிட்டோ. சரி என்று பேசியவர், எங்கள் ஃபிளாட்டின் அடுத்த அறையில் மனைவி வதனாவோடு இருந்த யாழ்ப்பாணத்துப் பத்மநாதன். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஐரோப்பாவைக் கைவிட்டு எங்கள் ஃபிரிட்ஜுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

"பொதுப் பெட்டி எண்டு சொல்லி என்ர தயிரைத் திண்டா, அது ஒன்றியமோ?" என்றார் அவர்.

"ஒங்க கருவாட்டு நாத்தத்த நாங்க பொறுத்தமே, அது ஒன்றியம் இல்லியா?" என்றான் இவன்.

சபை கைதட்டியது. எனக்கு மானம் போயிற்று. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் நான். பெற்ற பிள்ளை என்பதற்காக மதிப்பெண் போட முடியுமா? தயிர் விஷயத்தில் நியாயம் அவர் பக்கம். விலகியதே சரி என்று தீர்ப்புச் சொன்னேன்.

மறுநாள் காலையிலேயே பத்மநாதன், "நடுவரே சொல்லிப்போட்டா. வதனா, வெளிக்கிடு!" என்று எதிர் ஃபிளாட்டுக்குச் சாமான்களை மாற்றிவிட்டார். சேர்ந்து வாங்கிய மிக்ஸியில் மோட்டார் அவர்களுக்கு, ஜார் எங்களுக்கு. இப்போது இரண்டு வீட்டிலும் சட்னி இல்லை. பெனிட்டோவும் மருமகள் லிஜியும் டியூட்டிக்குப் போனால் மாலை வரை எனக்குப் பேச்சுத்துணை வதனா ஒருத்திதான். இப்போது சுவரோடு பேசுகிறேன், அதுவும் திருத்தமான தமிழில். போய்க் கூப்பிடடா என்றால், "பெத்த மவனையே தோக்கடிச்சல்லா? நீயே போ" என்கிறான். நான் அந்தக் கதவைத் தட்டினால் நடுவர் இறங்கி வந்ததாக ஆகிவிடாதா? நீயாவது அவனுக்குப் புத்தி சொல். பிரிந்து போவதைப் போன்ற மடமை உலகத்தில் இல்லை. உயிர் போனாலும் நான் இந்த வீட்டு வாசலைத் தாண்டமாட்டேன்.

உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர், நெற்றியில் சிலுவையிட்டு.

உன் அக்காள்,
எமிலி

பி.கு.: வதனா ஜாரை இரவல் கேட்டு வந்தாள். "அன்ரி, நீங்களும் வாங்கோவன்" என்றாள். ஜாரைத் தனியாக அனுப்புவது முறையல்ல என்று கூடவே போனேன், தலையணையையும் எடுத்துக்கொண்டேன். பதிலை எதிர் ஃபிளாட்டுக்கு அனுப்பு. பெனிட்டோ வாசலில் நின்று, "எப்பம்மா வருவ?" என்கிறான். முதலில் தயிருக்கு மன்னிப்புக் கேட்கட்டும். தீர்ப்பில் மாற்றமில்லை.