இரண்டாவது பட்டன்

இரும்புலியூரில் எங்கள் காலனிக்காரர்களுக்கு நிலநடுக்கம் என்றால் துளியும் பயம் கிடையாது. அலமாரியில் பாத்திரம் குலுங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் அலறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுவார்கள். நாங்கள் பால்கனிக்கு வந்து, "யார் வீட்டுல விசேஷம்?" என்று எதிர்வீட்டைக் கேட்போம். எங்களை இந்த அளவுக்குப் பக்குவப்படுத்தியவர் ஒரே ஒரு மனிதர். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும், ஆதார் அட்டையில் பார்த்தால் தெரியலாம். எங்களுக்கு அவர் அதிர்வு அண்ணன்.

தொழில், சவுண்ட் சர்வீஸ். கல்யாணம், காதுகுத்து, கொடியேற்றம், சர்ச் ஆண்டு விழா, எதுவானாலும் ஒரு குட்டியானை வண்டி நிறையக் கறுப்புப் பெட்டிகளோடு வந்து இறங்குவார். ஸ்டாண்டில் ஏற்றி வைக்கிற சின்னப் பெட்டிக்கு 'டாப்' என்று பெயர். பேச்சு, பாட்டு, ஜால்ரா எல்லாம் அதில்தான் வரும். பீரோவைப் படுக்கப் போட்டது மாதிரி தரையில் உட்காருவது சப்வூஃபர். 'டம்' என்பது மட்டும் அதில் வரும். டாப்பைத் தூக்க அவருடைய மச்சான் போதும். சப்வூஃபரை மட்டும் அண்ணன் யாரையும் தொட விடமாட்டார். தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பது போல, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரேதான் இறக்குவார்.

இரண்டுக்கும் நடுவில் கிராஸ்ஓவர் என்று ஒரு பெட்டி உண்டு. அது எதற்கு என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டைக் காட்டி வகுப்பெடுத்தார்.

"தோ பாரு சார், லாரியெல்லாம் பைபாஸ்ல போவுது. பைக்கு, ஆட்டோல்லாம் தாம்பரத்துக்குள்ள போவுது. நடுவுல நின்னுகினு பிரிச்சு வுடுறாரே டிராபிக் போலீசு, அவருதான் கிராஸ்ஓவர். கனமான சவுண்டு சப்வூஃபருக்கு, லேசான சவுண்டு டாப்புக்கு. அவ்ளோதான் மேட்டரு."

விளக்கத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் போலீஸ்காரருக்கு லாரிகள் மீது மட்டுமே பாசம் என்பதுதான் எங்கள் காலனியின் தலையெழுத்து. மனிதக் குரல் என்பது அண்ணனைப் பொறுத்தவரை ராங் சைடில் வரும் சைக்கிள்.

அவர் சவுண்ட் செக் செய்யும் முறையை உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காமல் இருப்பதே நல்லது. மீட்டர், கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். சட்டை போட்ட ஒரு ஆள் வேண்டும். அவரைக் கடைசி வரிசையில் நிற்க வைத்து, ஆம்ப்ளிஃபயரைத் திருகிக்கொண்டே மேடையிலிருந்து கத்துவார்.

"எந்தப் பட்டன்ல அடிக்குது சார்?"

காலனி நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். வேறு யாரும் கேட்காத பதவி என்பதால் பல வருடங்களாக என்னிடமே இருக்கிறது. புகார் சொல்ல நான்தான் முதலில் போவேன், ஆகவே கடைசி வரிசையில் நிற்பதும் நான்தான். முதல் தடவை ஒன்றும் புரியாமல் விழித்தேன்.

"காதால கேக்குறதெல்லாம் சவுண்டா சார்? காதாண்ட கொசுகூடத்தான் கத்துது. சவுண்டுன்னா சட்டைல வந்து அடிக்கணும். மேல் பட்டன்ல அடிச்சா வெத்து சவுண்டு. மூணாவது பட்டன்ல அடிச்சா வவுறு கலக்கும், பந்தில சோறு மீந்துரும். ரெண்டாவது பட்டன். அங்கதான் வந்து நிக்கணும்."

டி-ஷர்ட் போட்டவர்களை இந்தப் பணிக்குச் சேர்த்துக்கொள்ள மாட்டார். ஒருமுறை பின்வரிசையில் பெண்கள் மட்டுமே இருந்தார்கள். "எனக்கு ஏதுப்பா பட்டன்?" என்று ஒரு அம்மா கேட்க, "அப்ப தாலி ஆடுதான்னு பாத்துச் சொல்லுக்கா" என்றார். அண்ணனின் சொந்தச் சட்டையில் இரண்டாவது பட்டனே கிடையாது. டெஸ்ட் பண்ணிப் பண்ணியே தெறித்துவிட்டது என்பது அவர் சொல்லும் வரலாறு. பட்டன் தைக்கப் பொறுமையில்லை என்பது அவர் வீட்டம்மா சொல்லும் வரலாறு.

இந்த ரெண்டாவது பட்டனுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் கொடிக்கம்பத்தில் ஒவ்வொரு சுதந்திர தினத்தன்றும் கொடி முடிச்சு சிக்கிக்கொள்ளும். தலைவர் கயிற்றை இழுப்பார், பொருளாளர் இழுப்பார், கடைசியில் யாராவது ஏணி கொண்டு வருவார்கள். அண்ணன் சவுண்ட் போட்ட வருடம் யாரும் கயிற்றைத் தொடக்கூட இல்லை. தேசபக்திப் பாட்டின் முதல் 'டம்'முக்கே முடிச்சு தானாக அவிழ்ந்து, பூவெல்லாம் கீழே காலி நாற்காலியில் கொட்டியது. தலைவர் அப்போதுதான் வாட்ச்மேனிடம் செருப்பைக் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் பேசிய பேச்சில் ஒரு வார்த்தையும் எங்களுக்கு விளங்கவில்லை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் மட்டும் வந்தது. தலைவர் இன்றுவரை அண்ணனோடு பேசுவதில்லை.

பொங்கலுக்குக் கோலப் போட்டி வைத்தோம். நடுவர்கள் வருவதற்குள் கோலப்பொடியெல்லாம் மெதுவாக நகர்ந்து, பக்கத்துக் கோலத்தோடு சம்பந்தம் பேசிவிட்டது. எந்தப் புள்ளி யாருடையது என்று இரண்டு குடும்பங்களுக்கு நடுவே சண்டை. அண்ணனோ ஒரு கோலத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு, "பாத்தியா சார், தரை எப்படி வேலை செய்யுது!" என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேல் அனகாபுத்தூர் கல்யாணம். சந்து குறுகல், சப்வூஃபர் உள்ளே நுழையவில்லை. நியாயமான மனிதராக இருந்தால் அதை வண்டியிலேயே விட்டிருப்பார். இவர் டாப்பைப் பந்தலிலும் சப்வூஃபரைச் சந்து முனையிலும் வைத்து, நடுவில் நீளமாக ஒயர் இழுத்துவிட்டார். கல்யாண வீட்டுக்குப் பாட்டு போனது. முனை வீட்டுக்கு 'டம்' மட்டும் போனது. அந்த வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு அழைக்கப்படாதவர். பத்திரிகை வைக்காமல் பழிவாங்குகிறார்கள் என்று ஆள் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. மச்சான் சொன்னதுதான். ஆனால் அண்ணன் மறுக்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் கிரேஸ் டீச்சர் மகளின் ரிசப்ஷன் போய் மாட்டியது.

கிரேஸ் டீச்சர் எங்கள் தெருவில் கடைசி வீடு. அவருடைய குரல் ஒரு காலத்தில் பிரசித்தம். பள்ளிக்கூட வராந்தாவின் இந்த முனையில் நின்று "சைலன்ஸ்!" என்றால் அந்த முனையில் சாக்பீஸ் உடையும். ஓய்வு பெற்றபின் தொண்டையில் ஒரு ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் போய்விட்டது. போய்விட்டது என்றால், பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்தால் கேட்கும், அவ்வளவுதான். கணவர் இல்லை. ஒரே மகள் ஜெனி கல்யாணமான கையோடு கனடா போகிறாள்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். "தம்பி, ரிசப்ஷன்ல ஜெனிக்கு நாலு வார்த்தை நானே சொல்லணும். எல்லாருக்கும் கேக்கணும். முக்கியமா அவளுக்குக் கேக்கணும். நல்ல சவுண்டுக்காரரா பாரு."

பெருங்களத்தூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் போன் போட்டேன். பெரிய முகூர்த்த நாள், ஒருவரும் கிடைக்கவில்லை. அந்த நாளில் தெற்குச் சென்னையிலேயே சும்மா இருந்த ஒரே சவுண்ட் சர்வீஸ் அதிர்வு அண்ணனுடையது. ஏன் சும்மா இருந்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம் சமுதாயக் கூடத்தில் அவர் சப்வூஃபர்களை மேடைக்கு முன்னால் வரிசையாக அடுக்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"அண்ணா, இது டீச்சர் பேசுற ஃபங்ஷன். தயவு பண்ணி இதையெல்லாம் வண்டியில ஏத்திடுங்க."

"இன்னா சார் நீ? சப்வூஃபர் இல்லாத ரிசப்ஷன், பீஸ் இல்லாத பிரியாணி."

டீச்சர் மைக் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அண்ணன் வால்யூமை ஏற்றினார். மைக் "கூ"வென்று ஊளையிட்டது. இறக்கினார், குரல் காணாமல் போனது. மறுபடி ஏற்றினார், மறுபடி ஊளை. டீச்சர் மைக்கை என்னிடம் நீட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அண்ணன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

"விடுப்பா," என்றார் டீச்சர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு நல்ல குரல். நான் சொல்றத அவரே சொல்லிடட்டும்."

அதை அண்ணனிடம் சொல்லி, நானும் அதுதான் சரி என்றேன். அண்ணன் என்னை ஒரு முறை முறைத்தார்.

"அவங்க பொண்ணுக்கு அவங்க பேசணும். சித்தப்பா எதுக்கு நடுவுல? நீ போய் கடைசி வரிசைல நில்லு சார்."

அதன்பின் நடந்ததை எப்படிச் சொல்வது? டாப்புகளின் சத்தம் மைக்குக்கே திரும்பி வந்து ஊளையிடாதபடி, அவற்றை மேடையிலிருந்து தூக்கிக்கொண்டு போய், கூடத்தின் நடுவில், ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளுக்கு இடையே நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரை எழுப்பி நகர்த்திவிட்டு அந்த இடத்தில் ஒன்றை வைத்தார். மைக்கை டீச்சரின் உதட்டோடு ஒட்டினார். விருந்தினர் கூட்டம் சேர்ந்தது, கேக் வெட்டினார்கள், டீச்சரின் முறை வந்தது. அண்ணன் திடீரென்று வேறொரு மைக்கைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க! ஃபேனெல்லாம் ஆஃப். ஏர்கூலர் ஆஃப். பந்தில தட்டு எட்த்து வெக்கிற சத்தம் கேட்டுச்சு, நான் மனுஷனா இருக்க மாட்டேன். டீச்சர் பேசப் போறாங்க."

அக்கினி நட்சத்திரப் புழுக்கம். பட்டுப்புடவையும் கோட்டுமாக ஒரு கூடம் நிறைய ஜனங்கள். ஃபேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. மாப்பிள்ளையின் மேக்கப் காலருக்கு இறங்கியது. கேட்டரிங்காரர் கரண்டியோடு சிலையாக நின்றார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ஜெனரேட்டர் போட ஓடிய மச்சானை அண்ணன் சட்டைக் காலரில் பிடித்து நிறுத்தினார்.

"ஜெனரேட்டர்ல கைய வெச்ச, மவனே, உனக்கு பிரியாணி கெடையாது."

பிறகு அவர் ஆம்ப்ளிஃபயர்கள் இருந்த அடுக்குக்குப் போனார். குனிந்து சப்வூஃபர்களின் ஸ்விட்சை ஒன்றன்பின் ஒன்றாக அணைத்தார். அந்தச் சிவப்பு விளக்குகள் அணைந்து நான் பார்த்ததே இல்லை. அவர் முகம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் முகம் போல இருந்தது.

டீச்சர் பேசினார்.

"ஜெனி, நான் ஸ்கூல்ல கத்திக் கத்தியே குரல தீத்துட்டேன். ஊர்ப் புள்ளைங்களுக்கே எல்லாம் செலவாயிடுச்சு. வீட்டுக்கு வந்தா உன்கிட்ட பேச மிச்சமே இருக்காது. நீயும் கேக்க மாட்ட, பாவம். இன்னிக்கு இருக்கிற கொஞ்சமும் உனக்குத்தான்மா. நல்லா இரு. வாரா வாரம் போன் பண்ணு. நான் பேசலன்னாலும் லைன்ல இருப்பேன்."

காகிதத்தை மடிக்கிற சத்தம் போன்ற குரல். ஆனால் கடைசி வரிசையில் நின்ற எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ஜெனி கல்யாணப் பெண் என்பதையும் மறந்து, மேடையைத் தாண்டி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். யாரும் கை தட்டவில்லை. தட்டினால் அண்ணன் அடிப்பாரோ என்று பயந்திருக்கலாம்.

உடனே அண்ணன் புனிதராகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஃபேன்கள் சுழல ஆரம்பித்ததும், மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆட வந்ததும், அதுவரை அடக்கி வைத்ததற்கெல்லாம் வட்டி போட்டு சப்வூஃபரைத் திறந்தார். மிச்சமிருந்த கேக்கின் மேல்மாடி கீழ்மாடிக்கு இறங்கியது. சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி மேஜையில் தானாக நடந்துபோய் விழுந்தது. நான் வாயார அவரைத் திட்டினேன்.

எல்லாம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"அண்ணா, டீச்சர் பேசும்போது சப்வூஃபரையே ஆஃப் பண்ணிட்டீங்களே?"

சுற்றுமுற்றும் பார்த்தார். "மெதுவா பேசு சார். வெளிய தெரிஞ்சா மானம் போயிரும்."

"இல்ல, எனக்கு ஒரு விஷயம் புரியல. 'டம்' ஒண்ணுமே இல்ல. ஆனா டீச்சர் பேசுனது எனக்கு..." என்று சட்டையைத் தொட்டுக் காட்டினேன்.

அண்ணன் என் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார். பிறகு தன் சட்டையில், பட்டன் இல்லாத அந்த இடத்தில், ஒயர் பிடித்த கையை வைத்துக்கொண்டார்.

"எனக்கும் அங்கதான் சார் அடிச்சுது."

பிறகு மீதி ஒயரைச் சுருட்டப் போனார்.

அவர் திருந்தவில்லை. போன வாரம்கூட எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று விரிசல் விட்டது, செயலாளர் என்ற முறையில் புகார் சொல்லத்தான் கிளம்பினேன். வாசல் வரை போனவன் திரும்பி வந்து, டி-ஷர்ட்டைக் கழற்றிவிட்டு, பட்டன் வைத்த சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன்.