கசினோ இல்லாத ஊரில் ஒரு பிளாக்ஜாக் மன்னர்

கசினோவே இல்லாத ஊரில் இருந்துகொண்டு உலகக் கசினோக்களையெல்லாம் ஓட்டாண்டியாக்கும் வித்தை தெரிந்த ஒரே மனிதர் எங்கள் இருபத்தொண்டார்தான். எண்பதுகளின் ஆக்லாந்தில் கசினோ என்று ஒரு கொட்டகைகூடக் கிடையாது. அதனால் என்ன? மனுஷன் தயாராக இருந்தார்.

அந்த ஊரின் மங்கரே பகுதியில் விமானச் சரக்குக் கிடங்கு ஒன்றில் இருவரும் பெட்டி தூக்கினோம். ஒரே வாடகை வீடு. நான் திருச்சி, அவர் யாழ்ப்பாணம். சீட்டின் கூட்டுத்தொகை இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது, சீட்டுப் போடும் டீலரைவிட அதிகம் வேண்டும், பிளாக்ஜாக் ஆட்டம் இவ்வளவுதான். இருபத்தொன்று அவர் வாயில் 'இருபத்தொண்டு', அதனால்தான் அந்தப் பெயர். அவரோ எப்போது நிற்பது, எப்போது சீட்டுக் கேட்பது என்ற அட்டவணையைப் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எழுதிக் குளியலறைக் கதவுவரை ஒட்டியிருந்தார். சோறு வடிக்கும்போதும் நடந்துகொண்டேதான் கேட்பார்.

"ஐசே, உமக்குப் பதினாறு, டீலருக்கு ஆறு. என்ன செய்வீர்?"

"இன்னொரு கார்டு கேப்பேன் அண்ணே."

"விசரோ உமக்கு? சும்மா நில்லும்! அவன் தானா இருபத்தொண்டைத் தாண்டி வெடிப்பான்!"

சின்னச் சீட்டு போனால் கூட்டு, பெரிய சீட்டு போனால் கழி என்று இன்னொரு கணக்கு. அதைக் கிடங்குப் பெட்டிகளில் பழகினார். எத்தனை பெட்டி வந்தது என்று மேலாளர் கேட்டதற்கு "மைனஸ் நாலு" என்றார். அதன்பிறகு எண்ணுகிற வேலை எங்கள் பக்கமே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த அவர் மனைவிக்கு விசா கிடைத்தது. மாதக் கடைசிக்குள் வந்து இறங்க வேண்டும். டிக்கெட்டுக்கு வழியில்லை. மனுஷன் வீட்டுக்குள் நடந்த நடையில் கம்பளம் தேய்ந்தது.

அப்போது பக்கத்து ரக்பி கிளப்பில் நிதி திரட்ட, காசுக்குப் பதில் விளையாட்டுச் சில்லுகளை வைத்து ஒரு பிளாக்ஜாக் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு, ஆசியாவில் எந்த ஊரிலிருந்தும் வந்துபோக ஒரு விமான டிக்கெட். யார் பெயரிலும் எழுதலாம்.

"போட்டியிலை டீலரை மறவும் ஐசே. பக்கத்திலை இருக்கிறவனைவிட ஒரு சில்லு கூட இருந்தால் காணும்."

அப்படியே ஆடினார். மற்றவர்கள் அள்ளி வைத்துத் தோற்க, இவர் கிள்ளி வைத்துத் தப்பித்தார். கடைசிக் கையில் இவரும் ஒரு சிவந்த முகத்துக்காரரும்தான் மிச்சம். இருவரும் சமம், இருவரும் முழுவதையும் வைத்தார்கள். அவர் பத்தொன்பதோடு நின்றார். இவருக்குப் பதினெட்டு. டீலர் ஆறைக் காட்டிக்கொண்டிருந்தார். அட்டவணைப்படி நிற்க வேண்டும்.

இன்னொரு சீட்டு வேண்டுமா என்று டீலர் புருவத்தை உயர்த்தினார். இருபத்தொண்டார், 'சரி, போதும்' என்று நம் ஊர்க்காரர்கள் தோளுக்குத் தோள் தலையைச் சாய்ப்போமே, அப்படிச் சாய்த்தார். அந்த வெள்ளைக்கார டீலர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு சீட்டைப் போட்டுவிட்டார்.

ஐயோ! எனக்கு உயிரே போய்விட்டது.

விழுந்தது மூன்று. இருபத்தொன்று! டீலருக்குப் பதினாறோடு ஒரு நாலு சேர்ந்து இருபது வந்தது. நான் குதித்தேன். இவர் முகம் பேயறைந்தது போல இருந்தது.

"இது என்ரை வெற்றி இல்லை. நான் கேக்காத சீட்டு. திருப்பிக் குடுக்கப் போறன்."

மூன்று நாள் நடந்தார். நடுவில் கணக்குப் போட்டுப் பார்த்து இன்னும் நொந்தார். "நான் நிண்டிருந்தால் அந்த மூண்டு டீலருக்குப் போயிருக்கும். பத்தொன்பது. என்ரை பதினெட்டோடை துலைஞ்சிருப்பன் ஐசே!" நான்காம் நாள் உண்மையாகவே டிக்கெட்டோடு கிளப்புக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். செயலாளர் முழுக்கதையையும் கேட்டு, வயிறு வலிக்கச் சிரித்து, "குட் ஆன் யா, மேட்" என்று பாராட்டி, டிக்கெட்டை அவர் சட்டைப்பையிலேயே செருகி அனுப்பினார்.

விசாக் கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது அவர் மனைவி, நான் அக்கா என்று அழைத்தவர், வந்து இறங்கினார். வணக்கம்கூடச் சொல்லாமல் இவர் பாவமன்னிப்பை ஆரம்பித்தார்.

"இஞ்சை பாரும், நான் நேர்மையா வெல்லேல்லை. தலையை ஆட்டினன், அவன் பிழையா விளங்கிட்டான்."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். "பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் அப்பிடித்தான் ஆட்டினனீங்கள். ஓமோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. நான்தான் ஓம் எண்டு எடுத்தனான்."

இருபத்தொண்டாருக்கு அழுகைதான் வந்தது. பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன். அந்த மனுஷன்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.