தாய் இளமாறன்

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு மனச்சோர்வு வரக்கூடும், வந்தால் உடனே கண்டறிந்து குணப்படுத்த வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. நல்ல முடிவு. அதற்காக ‘மகிழ்தாய்’ என்றொரு செயலி செய்தார்கள். தாய் அதைத் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்டு, அது கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். மனம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று அதுவே சொல்லிவிடும். சிவப்பு என்றால் ஆலோசகர் போனில் பேசுவார், சத்துணவுப் பை வீடு தேடி வரும்.

இந்த ஏற்பாட்டில் சிறியதாக ஓர் இடைவெளி இருந்தது. கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தாய்மார்களிடம் கைபேசி இல்லை. தாய்மார்களின் கணவர்களிடம் இருந்தது.

இளமாறனும் அப்படி ஒரு கணவன். மரவள்ளி போடுகிறவன். அவன் மனைவி தனுஷாவுக்குத் தலைப்பிரசவம், பெண் குழந்தை. பிரசவத்துக்கு முன்னால் தெருவே கேட்கச் சிரிக்கிற பெண் அவள். இப்போது குழந்தை வீறிட்டு அழும், அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். சோறு அடிப்பிடித்துப் புகை வரும், அப்போதும் உட்கார்ந்திருப்பாள். அசதியாக இருக்கும் என்று இளமாறன் நினைத்துக்கொண்டான். பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டது.

ஒருநாள் காலையில் நர்சம்மா பூமாலை வந்தாள். ஊரில் பெற்றவர்கள் எல்லோருக்கும் அன்று மாலைக்குள் செயலி ஏற்றியாக வேண்டும் என்று அவளுக்கு உத்தரவு.

“போன குடு இளமாறா, தனுஷாவுக்கு ஆப் ஏத்தணும்.”

“அது என் போனு நர்சம்மா.”

“பரவால்ல, உன்னுதுலயே ஏத்தறேன். சிம்மு யார் பேர்ல இருக்குதோ அந்தப் பேரத்தான் அது எடுத்துக்குது. மாத்தினா ஏத்துக்க மாட்டேங்குது.”

திரையில் ஒரு தாமரை விரிந்தது. ‘வணக்கம், தாய் இளமாறன்!’ என்றது. பூமாலை அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

இளமாறன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிராக்டரில் மரவள்ளி ஏற்றி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்குப் போனான். ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது பையிலிருந்து தாலாட்டு கேட்டது. கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வரை செயலி தாலாட்டை நிறுத்தாது என்பது அப்போதுதான் தெரிந்தது. மற்ற டிராக்டர்க்காரர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவன் பதில் சொல்லத் தொடங்கினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

‘சமீபத்தில் உங்கள் தூக்கம் கெட்டதா?’ கெட்டது. காட்டுப்பன்றி மலையிலிருந்து இறங்கி வயலைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஆனால் பன்றியைப் பற்றிச் சொல்ல அங்கே இடமில்லை. ‘ஆம்’ என்று அழுத்தினான். ‘முன்போல வாய்விட்டுச் சிரிக்கிறீர்களா?’ இல்லை. ‘எல்லாம் உங்கள் தலைமேல் விழுவதாகத் தோன்றுகிறதா?’ ஆம். ‘குழந்தைக்குப் பால் கொடுப்பதில் ஆர்வம் குறைந்திருக்கிறதா?’ இதற்குக் கொஞ்சம் யோசித்தான். ‘கொடுப்பதே இல்லை’ என்று ஒரு பதில் இருந்தது. அதுதான் உண்மை. அழுத்தினான். திரை சிவந்தது.

கள்ளக்குறிச்சியில், மகிழ்தாய்த் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கண்ணாயிரத்தின் திரையும் சிவந்தது. கண்ணாயிரம் எழுந்து நின்றுவிட்டார். அதுவரை மாவட்டத்தில் சோர்வுற்ற தாய் ஒருவர்கூடக் கண்டறியப்படவில்லை. ஏன் கண்டறியப்படவில்லை என்று மேலிடம் விளக்கம் கேட்டிருந்தது. மறுநாளே அவர் ஜீப்பில் ஊருக்குள் வந்தார்.

“தாய் எங்கே?”

“உள்ள படுத்துக்கினு இருக்கறா சார்,” என்றான் இளமாறன்.

“இளமாறன்தானே?”

“அது நான் சார்.”

கண்ணாயிரம் அவன் மீசையைப் பார்த்தார். கையிலிருந்த திரையைப் பார்த்தார். மறுபடி மீசையைப் பார்த்தார்.

“பேரு மாறிப் போச்சு சார்,” என்றாள் ஜீப்பில் கூட வந்த பூமாலை. “அழிச்சிட்டு தனுஷா பேர்ல போட்டுடலாம்.”

“அழிக்க வழி இல்லம்மா. தாய் இறந்துட்டாங்கன்னு போட்டாத்தான் பேர் போகும். தம்பி இறக்குறதுக்கு இப்ப அவசியம் இல்ல. அவர் குணமாகுறதுதான் எல்லாருக்கும் சுலபம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லியே சார்,” என்றான் இளமாறன்.

“சிவப்புல இருக்குறவங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு பயிற்சியிலயே சொன்னாங்க,” என்றார் கண்ணாயிரம் கனிவாக.

இளமாறனுக்கு ஓய்வு விதிக்கப்பட்டது. சத்துணவுப் பை அவன் மடியில் வைக்கப்பட்டுப் படம் எடுக்கப்பட்டது. தாயைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஒரு பராமரிப்பாளர் வேண்டும் என்பது விதி. வீட்டில் வேறு யாருமில்லாததால் தனுஷா அந்தப் பொறுப்பில் நியமிக்கப்பட்டாள். அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, பராமரிப்பாளருக்கான அறிவுரைகளைப் பூமாலை உரக்கப் படித்தாள்.

“தாயைத் தனியாக விடாதீர்கள். அவர் அழுதால் அதட்டாதீர்கள். ஊரில் யாரும் பெறாத பிள்ளையா என்று கேட்காதீர்கள். குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள்.”

இடுப்பில் குழந்தையோடு கேட்டுக்கொண்டிருந்த தனுஷாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. நிற்காமல் இறங்கியது.

“தாய் முன்னால பராமரிப்பாளர் அழக் கூடாதும்மா,” என்றார் கண்ணாயிரம். “அவங்க மனசு பாதிக்கும்.”

ஜீப் போனதும் ஊர் வந்தது. முதலில் கேலி செய்யத்தான் வந்தார்கள். “இன்னா தாயே, உடம்பு எப்படி இருக்குது?” என்றார்கள். பிறகு அரசாங்கமே ஜீப் அனுப்பி விசாரித்திருப்பதால் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. வாழைப்பழமும் ஹார்லிக்சும் வந்தன. கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மனசைத் தேற்றினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் தனுஷா காப்பி போட்டாள்.

அந்த வாரம் ஆலோசகர் போனில் வந்தார். தேவதர்ஷினி என்று பெயர், இளவயதுப் பெண் குரல். எங்கள் ஊரில் மலைப் பக்கம் முகம் வைத்தால் சிக்னல் கிடைக்காது, சின்னசேலம் பக்கம் திரும்ப வேண்டும். இளமாறன் வாசலில் அப்படித் திரும்பி உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டான். தாயைத் தனியாக விடக் கூடாது என்பதால் தனுஷாவும் குழந்தையோடு பக்கத்தில் இருந்தாள்.

“அம்மா, உங்க குரல் கொஞ்சம் கனமா இருக்கும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. தயங்காம பேசுங்க. குழந்தையைப் பார்க்கும்போது என்ன தோணுது?”

“நல்லாத்தான் இருக்குது.”

“மனசுல இருக்குறதைச் சொல்லுங்கம்மா. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க.”

இளமாறன் போனைக் கையால் பொத்தினான். தனுஷாவிடம் திரும்பி, “இன்னாத்த சொல்றது? நீயே ஏதாவது சொல்லேன், நான் சொல்லிடறேன்,” என்றான்.

அவள் தெருவைப் பார்த்தாள். பிறகு குழந்தையைப் பார்க்காமலே சொன்னாள். “யாரோ குடுத்துட்டுப் போன புள்ள மாதிரி இருக்குதுன்னு சொல்லுங்க. அது அழுதா எங்கியோ தூரத்துல கேக்குது. அவுங்க வந்து எடுத்துக்கினு போயிட மாட்டாங்களான்னு வாசலயே பாத்துக்கினு இருக்கறேன்னு சொல்லுங்க.”

கதை கட்டுகிறாள் என்று எண்ணி இளமாறன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னதைச் சொல் மாறாமல் போனில் சொன்னான்.

“வேற, அம்மா?”

“வேற?” என்று அவன் தனுஷாவைக் கேட்டான்.

“பெத்த புள்ளைய பாத்து இப்படித் தோணுதே, நான் மனுசிதானான்னு இருக்குது.”

“நான் மனுசிதானான்னு இருக்குது,” என்றான் இளமாறன். அவன் குரல் உண்மையாகவே கனத்திருந்தது.

“நீங்க கெட்டவங்க இல்லம்மா. இது ஒரு நோய். நிறைய பேருக்கு வருது, மருந்து இருக்கு, சரியாகிடும். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

ஸ்பீக்கரில் தனுஷாவுக்கும் அது கேட்டது. இருந்தும் இளமாறன் அவளிடம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். நீ கெட்டவ இல்லியாம். நோவாம். மருந்து இருக்குதாம்.

போனை வைத்த பிறகு கேட்டான். “ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலியே. இப்பவும் அந்தம்மாதான கேட்டாங்க.”

மறுநாள் இருவரும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினார்கள். டாக்டர் தனுஷாவைப் பார்த்து மாத்திரை எழுதினார். செயலியில், ‘தாய் பராமரிப்பாளருடன் வந்து சிகிச்சை பெற்றார்’ என்று பதிவானது. அதன்பின் பகலில் குழந்தை இளமாறனின் தோளில் இருந்தது, தனுஷா தூங்கினாள். வாரா வாரம் தேவதர்ஷினி கேட்பார், தனுஷா சொல்வாள், இளமாறன் அதைப் போனில் ஒப்பிப்பான். உடனே சரியாகிவிடவில்லை. சில நாள் முன்னைவிட மோசமாகவும் இருந்தது. கார்த்திகை மழை விட்ட ஒரு நாள், குழந்தை இளமாறனின் மீசையைப் பிடித்து இழுத்து விடவே மாட்டேன் என்றது. தனுஷா தெருவே கேட்கச் சிரித்தாள். அந்த மாதக் கேள்விகளுக்கு அவள் பதில் சொல்ல, அவன் அழுத்தினான். திரை பச்சையானது.

மாவட்டத்தில் கண்டறியப்பட்ட அத்தனை பேரும் குணமாகிவிட்டதாகக் கண்ணாயிரம் மேலிடத்துக்கு எழுதினார். அத்தனை பேரும் என்றால் இளமாறன்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு திருமண மண்டபத்தில் விழா எடுத்தார்கள். ‘சோர்வை வென்ற தாய்’ என்ற பட்டம் கொடுத்து, இளமாறனுக்குப் பட்டுச்சேலை போர்த்தினார்கள். மைக்கையும் கொடுத்தார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க,” என்றான் இளமாறன். “நோவு என் சம்சாரத்துக்கு. நான் அது சொன்னத போன்ல சொன்னேன், அவ்ளோதான்.”

கண்ணாயிரம் மைக்கை வாங்கிக்கொண்டார். “தான் பட்ட துன்பத்தைக்கூட இன்னொருவர் துன்பமாகப் பார்க்கிறார். இதுவல்லவா தாய்மை!”

கைதட்டல் அடங்க வெகுநேரமானது. தனுஷாவும் குழந்தையின் கையைப் பிடித்துத் தட்டினாள். சேலையின் நிறம் அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆண்கள் தாயாகிவிடாதபடி செயலியைப் பிறகு திருத்தினார்கள். இப்போது தாய் தன்னைப் பெண் என்று உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்யும் ஓடிபி கணவர் எண்ணுக்கு வரும்.

திருத்திய செயலி வந்த வாரம், பக்கத்துத் தெரு பழனி வந்தான். அவன் மனைவி அபிநயாவுக்கும் குழந்தை பிறந்திருந்தது. அவள் நாலைந்து நாளாகத் தலை வாரவில்லை, யாரோடும் பேசவில்லை என்று தெருவில் பேச்சு.

“ஏ இளமாறா, அந்தக் கேள்விக்கெல்லாம் இன்னா போட்டா சிவப்பு வரும்? பை குடுப்பாங்களாமே.”

“நீயா போடாத. அபிநயாவ கேட்டுப் போடு.”

பழனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவள இன்னாத்துக்குக் கேக்கணும்? போனு எங்கிட்டதான இருக்குது.”