மஞ்சள் சீட்டு

எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன், இப்படி ஒரு விஷயத்தைப் பத்திரிகைக்கு எழுதலாமா, தெரியவில்லை. ஆனால் கேஜ் அண்ணாச்சியைப் பற்றி வேறு யாரும் எழுதப் போவதில்லை.

புனேயில் அவர் குறை கண்டுபிடிக்காத பொருளே கிடையாது. சாகண் தொழிற்சாலையில் எங்கள் லைனுக்கு அவர்தான் இன்ஸ்பெக்டர். அளவு பார்க்கும் கேஜ் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். அதுவே பெயரும் ஆகிவிட்டது. வடை ஒரு பக்கம் சப்பை என்று வடாபாவைத் திருப்பிக் கொடுத்தவர். சொந்த மகள் கல்யாணத்தில், "ரெண்டு மாலைக்கும் ரெண்டு இஞ்சு வித்தியாசம்லா!" என்று மாலை மாற்றுவதையே நிறுத்தியவர். மாப்பிள்ளையை அளக்காமல் விட்டாரே என்று சம்பந்திக்கு நிம்மதி.

லைனில் நாங்கள் பயப்படுவது அவர் ஒவ்வொரு பீஸிலும் கட்டும் சீட்டுக்கு. பச்சை என்றால் தேறியது. சிவப்பு என்றால் கழிவு. மஞ்சள் என்றால் முடிவாகவில்லை, தனியே இருக்கட்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தைந்து. உறவுக்காரர் கல்யாணத்துக்கு நாசிக் போன இடத்தில் ஒரு பெண்ணோடு பழக்கமாகி, ஒரு நாள் சேர்ந்திருந்தோம். இருவருக்கும் சம்மதம்தான், ஆணுறைதான் இல்லை. திரும்பி வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. நான் குடியிருக்கும் போபோடியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்பதால் தளேகாவ் வரை ரயிலில் போய், ஐந்தாம் நாளே எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. மனது நம்பவில்லை. என்னால் யாருக்கும் ஒட்டிவிடுமோ என்று கேன்டீனுக்குத் தனி டம்ளர் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி விடுவாரா?

"என்னல இது, புதுசா தனி டம்ளரு?"

ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். யார், எவர் என்று அவர் கேட்கவே இல்லை.

"எத்தன நாளாச்சு?"

"பத்து நாள், அண்ணாச்சி."

"உறை?"

"இல்ல."

"புண்ணு, காய்ச்சல் எதுவும்?"

"இல்ல. டெஸ்ட்டு அஞ்சாம் நாளே பாத்துட்டேன். ஒண்ணுமில்லன்னு வந்துச்சு."

தலையில் அடித்துக்கொண்டார். "ஏல, இருவது வருசமா லைன்ல நிக்க. உலையில இருந்து வந்த பீஸை சூடு ஆறுமுன்ன எவனாவது அளப்பானால? தப்பாத்தான காட்டும்!"

சொல்லிவிட்டு என் டம்ளரை எடுத்து, மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டார்.

மறுவாரம் அரசு ஆஸ்பத்திரிக்கு அவரே இழுத்துப்போனார். ஆலோசனை சொல்லும் அம்மா முன்னால் எனக்கு வாயே திறக்கவில்லை. இவர் தன் திருநெல்வேலி இந்தியில், "முதலில் எனக்கு எடுங்கள். இவன் வெட்கப்படுகிறான், ஒரு லாட்டில் ரெண்டு சாம்பிள் பார்ப்பதுதான் முறை" என்று கையை நீட்டிவிட்டார். அந்த அம்மா சிரித்துவிட்டார்.

டீ கிளாஸில் இது தொற்றாது என்றார் அந்த அம்மா. மூன்று நாளுக்குள் வந்திருந்தால் தடுக்க மாத்திரை கொடுத்திருக்கலாமாம். பால்வினை நோய்களுக்கும் சேர்த்து இப்போது ஒரு டெஸ்ட், மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி ஒன்று, அதுவரை உறை இல்லாமல் யாரோடும் கூடாது என்றார்.

அன்றைய டெஸ்ட்டில் ஒன்றுமில்லை. வெளியே வந்ததும் அண்ணாச்சி ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தார். மூன்று மாதம் தள்ளித் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டு, என் சட்டைப்பையில் வைத்தார்.

"இது கழிவு இல்லல. காத்திருக்கு, அவ்வளவுதான். முடிவு எதுவானாலும் டம்ளரு ஒண்ணுதான்."

அந்த மூன்று மாதமும் என் டம்ளரில்தான் டீ குடித்தார்.

குறித்த தேதியில் மறுபடி போனோம். எல்லாம் நெகட்டிவ். ரிப்போர்ட்டை வெளிச்சத்தில் பிடித்து மூன்று முறை படித்தார். பிறகு மஞ்சள் சீட்டை வாங்கிக்கொண்டு பச்சைச் சீட்டு ஒன்றில் கையெழுத்துப் போட்டார். அதை என் சட்டைப்பையில் செருகினார்.

மறுநாள் காலை ஷிஃப்டில் என்னுடைய பன்னிரண்டு பீஸில் மூன்றுக்குச் சிவப்புச் சீட்டு கட்டினார்.