மாமாவின் முதுகில் மயில்

எனக்கு ஒன்றே ஒன்று இருந்தால் நிம்மதி. இரண்டு இருந்தால் காய்ச்சல். சட்னி மட்டும் என்றால் நாலு இட்லி சாப்பிடுவேன். சாம்பாரும் வந்துவிட்டால் எதைத் தொட, எதை விட என்ற கவலையில் ஒரு இட்லியோடு எழுந்துவிடுவேன். ஏழாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். ‘சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக’ என்று கேட்டதுதான் உண்மையான காரணம்.

இப்படிப்பட்டவளிடம் ஒரு போர்வையைக் கொடுத்து, அதன்மேல் என்ன டிசைனில் தையல் ஓட்டுவது என்று நீயே முடிவு செய் என்றால் என்ன ஆகும்? ஒரு பெரிய மனிதரின் முதுகு கெடும். கெட்டது.

நயாபைசா வந்த புதிது. தென்காசி ரதவீதியில் என் அண்ணன் தையல்கடை வைத்திருந்தான். அவன் வெட்டித் தள்ளும் துண்டுத் துணிகளையெல்லாம் நான் சேர்த்து, சதுரம் சதுரமாக நறுக்கி, ஒன்றோடொன்று இணைத்து, ஓர் ஆள் போர்த்துகிற அளவுக்குப் பெரிதாக ஒரு விரிப்பு தைத்து முடித்திருந்தேன். எந்த வீட்டில் யாருக்கு என்ன சட்டை தைத்தார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வடகரையில் மாப்பிள்ளை நிச்சயமானது. ஆவணியில் கல்யாணம். பேச வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, அதாவது என் வருங்கால அத்தை, அந்த விரிப்பைப் பார்த்துவிட்டார்.

“ஏட்டி கோமதி, நல்லாயிருக்கே. ஆனியில மாமா குத்தாலத்துல ரூம் எடுத்துத் தங்குவாக. அருவியில குளிச்சிட்டு வந்து வெடவெடன்னு நடுங்குதாக. இதுக்குள்ள பஞ்சு வச்சுப் போர்வையாத் தச்சுக் குடு. மேல மயில் போடு. நமக்குப் பண்பொழி முருகன்தான எல்லாம்” என்றார்.

விஷயம் இதுதான். மேலே என் விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் பழைய வேட்டி. மூன்றும் நகராமலிருக்க மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தையல் ஓட்ட வேண்டும். அந்தத் தையல் போகிற பாதைதான் டிசைன். நேராகவும் போகலாம், வளைந்தும் போகலாம். எப்படியும் போகலாம் என்பதில்தான் எனக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது.

முதலில் மயில் வரைந்தேன். வரைந்த பிறகு ஒரு சந்தேகம். மயில் முருகனின் வாகனம். போர்வைக்குத் தலை எது, கால் எது? இன்றைக்குத் தலைமாட்டில் இருக்கிற மயில் நாளைக்குத் திருப்பிப் போர்த்தினால் காலடியில் அல்லவா கிடக்கும்? மாமாவின் கால் முருகன் வாகனத்தின் மேல் பட்டு, அந்தப் பாவம் யாருக்கு? வரைந்தவளுக்கு. அழித்தேன்.

“மாங்கா போடேன், லெச்சணமா இருக்கும்” என்றாள் அண்ணன் பெண்டாட்டி, என் மதினி. போட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே மாங்காய் ஞாபகமா என்று ஊர் கேட்டால்? அழித்தேன். தாமரை போட்டேன். தாமரை இலைத் தண்ணீர் நினைவுக்கு வந்தது. புருஷன் பெண்டாட்டி ஒட்டாமல் போய்விட்டால்? அழித்தேன். அலை அலையாக வளைத்தேன். குற்றால வெள்ளம் கண்முன் வந்தது. (அதற்கு மேல் யோசிக்கவில்லை. படுத்துவிட்டேன்.)

“ஏளா, கட்டம் போட்டுத் தச்சுத் தொலை. ஆனி பொறந்தாச்சு” என்று அண்ணன் கத்தினான். கட்டத்திலும் ஒரு கவலை வந்தது. ஆனால் நாள் இல்லை. கட்டம் கட்டமாகவே தைத்து முடித்தேன்.

இவ்வளவையும் நான் எதால் வரைந்தேன் என்று சொல்ல வேண்டும். தையல்கடைச் சாக்குக்கட்டி, ஊசி வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. அதனால் அண்ணனின் பில் புத்தகத்தோடு கிடந்த பென்சிலை எடுத்துக்கொண்டேன். ரப்பர் போட்டுத் தேய்த்த பிறகு எல்லாம் லேசான சாம்பல் நிறத்தில் மங்கிவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அது காப்பியிங் பென்சில். ஈரம் பட்டால் ஊதா மையாக மாறிவிடும். அண்ணன் அதை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவான். அவன் நாக்கு எந்நேரமும் நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கும். அந்த நாக்கை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அவனுக்கு ஈரலில் ஏதோ கோளாறு என்று நினைத்து, ரகசியமாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேனே தவிர, பென்சிலைச் சந்தேகிக்கவில்லை.

போர்வையை மெழுகுத்துணியில் சுற்றி, அண்ணனும் மதினியும் நானும் பஸ் ஏறிக் குற்றாலம் போனோம். நல்ல சாரல். அத்தை போர்வையை விரித்துப் பார்த்தார்.

“மயில் எங்கட்டி?”

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயத்தில் வாய் வேறு சொன்னது. “எனக்கு மயில் வரைய வராது, அத்தை.”

“கோழிகூட வராதும்மா அவளுக்கு” என்று மதினி ஒத்தாசைக்கு வந்தாள்.

அத்தை போர்வையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பார்த்தார். அதற்குள் மாமா அருவியிலிருந்து வந்துவிட்டார். அரை மூட்டை நெல் பிடிக்கிற தொந்தி, உடம்பெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். துவட்டக்கூட இல்லை. “கோமதி தச்சதா? குடு, குடு” என்று போர்வையை வாங்கி, விரிப்புப் பக்கம் உள்ளே போக உடம்போடு சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். “கோழிக்குஞ்சா இருந்தாக்கூட இந்த வெதுவெதுப்புல பொரிச்சிரும்ல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இலை போட்டார்கள். மாமா போர்வையைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவ அந்தப் பக்கம் திரும்பினார்.

முதலில் பார்த்தது அண்ணன். பார்த்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டான்.

மாமாவின் முதுகு முழுக்க ஊதா. நடுவில் மயில். அதன் தோகையில் மாங்காய் காய்த்திருந்தது. கால் தாமரைக்குள் நின்றது. இடுப்புச் சதையில் அலை அடித்தது. நான் வேண்டாமென்று விட்டதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. தைத்த கட்டம் மட்டும் நூலுக்கடியில் பத்திரமாக இருந்துகொண்டது.

“இங்கேருங்க, அசையாம நில்லுங்க” என்றார் அத்தை.

“என்ன, அட்டையா?”

“மயிலு.”

“மயிலா? கடிக்குமா?”

அத்தை அவரைச் சுற்றி வந்து நிதானமாகப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். “வரைய வராதுன்ன. கொண்டையோட வரைஞ்சிருக்க. நான் சொன்னேன்னு வரைஞ்சிட்டு, வேண்டாம்னு அழிச்சிருக்க. வீட்டுக்குள்ள கால் வைக்கதுக்கு முந்தியே என் பேச்சு உனக்கு ஆகல. வாய் கூசாமப் பொய் வேற. இந்தக் கல்யாணத்தை யோசிச்சுத்தான் செய்யணும்.”

மதினி சுவரோடு ஒட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன். “போர்வைக்குத் தலை கால் தெரியாதே அத்தை. திருப்பிப் போத்திட்டா மாமா கால் முருகன் வாகனத்து மேல படுமே. அந்தப் பயத்துலதான் அழிச்சேன். அதைச் சொல்லவும் பயந்து பொய் சொல்லிட்டேன்.”

மாமா அப்போது சாய்வு நாற்காலியில் சாயப் போனவர், பாதியிலேயே நின்றார்.

“அப்ப நான் எப்படிச் சாய?” என்றார்.

அவர் மெல்ல எழுந்து, எதிலும் முதுகு படாமல் இலை முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “துண்டைப் போட்டு மூடலாமா தாயி? மூடினா மயிலுக்கு மரியாதைக் குறைவு ஆயிராதே?”

“எனக்கும் அதான் மாமா யோசனையா இருக்கு” என்றேன்.

“படுக்கும்போது?”

“குப்புறப் படுத்தா தோஷமில்ல மாமா.”

மாமா அத்தையைப் பார்த்துச் சொன்னார். “இந்தப் பிள்ளை நமக்கு வேணும்ட்டி. இத்தனை வருசமா நம்ம வீட்டுல நான் ஒருத்தனே தனியாக் கவலைப்பட்டுக்கிட்டு இருக்கேன்.”

அத்தை தலையில் கை வைத்தார். “இருக்கது பத்தாதுன்னு இன்னொண்ணா?” என்றார். போர்வையை எடுத்து விரித்துப் பார்த்தார். ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதாவாகி இருந்தது. “கால்மாட்டுல ஒரு செவப்புத் துணி வச்சுத் தையி. எது கால்னு தெரிஞ்சிரும். அவ்வளவுதான விசயம்? இனி இந்தக் கோடு போகாது. வரைஞ்சது அத்தனையையும் தையி. ஒண்ணு விடாம. அதுக்கப்புறம் கல்யாணம்.”

அவ்வளவுதான் விஷயம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. (எந்தச் சிவப்பு என்று உடனே ஒரு கவலை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.)

மயில், மாங்காய், தாமரை, அலை என்று எல்லாவற்றையும் கட்டத்தின் மேலேயே தைத்தேன். தையலுக்கு மேல் தையலாகப் போர்வை பலகை போல் விறைத்து, சுவரில் சாத்தினால் தானாக நின்றது. ஆவணியில் கல்யாணமும் நடந்தது. மாமா அதுவரை குப்புறப் படுத்துத்தான் தூங்கினார்.

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஜவுளிக்கடையில் இரண்டு சேலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் விழிப்பேன். என் வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் சொல்வார்:

“ரெண்டையும் கட்டிரும் அண்ணாச்சி. இவ போட்டுப் போட்டுப் பாக்கதுக்கு எங்கப்பா முதுகு ஒண்ணு இருந்துச்சு. அதுவும் இப்ப இல்ல.”