சிறுகதைக் கழகம் இருந்த சந்து

படித்தவன் என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், 'தெரியாது' என்று சொல்லும் உரிமை அன்றோடு போய்விடும். மனைவி வீட்டாரிடம் எனக்கு அந்தப் பெயர் பெண் பார்க்கப் போன அன்றே ஒட்டிக்கொண்டது. கையில் ஒரு தடித்த புத்தகத்தோடு போயிருந்தேன். (மழைக்குத் தலையில் பிடிக்க எடுத்துப்போனது.)

எட்டு வருடங்களுக்கு முன் மனைவியின் தம்பி சேகர் எங்களை பாஸ்டனுக்கு அழைத்தான். பினாங்கில், எங்கள் ஆயர் ஈத்தாமில் பிறந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பழகி, அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவியவன். மற்றவர்கள் விருந்தாளியைப் பேரங்காடிக்கு அழைத்துப்போவார்கள். இவன் என்னை 'இலக்கிய நடை'க்கு அழைத்துப்போனான், நான் படித்தவனாயிற்றே. கை விறைக்கும் குளிரில் இரண்டு மணி நேரம் நடந்தோம். அந்த ஊரில் எழுத்தாளன் தும்மிய இடத்துக்கும் ஒரு பித்தளைத் தகடு வைத்திருக்கிறார்கள். இங்கே பிறந்தார், இங்கே குடியிருந்தார், இந்த ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் ஒவ்வொரு ஜன்னலையும் பார்த்துத் தலையாட்டினேன். உள்ளே ஹீட்டர் இருக்குமா என்பது ஒன்றுதான் என் சிந்தனை.

நடையை நடத்தியவர் மார்த்தா என்ற ஓய்வுபெற்ற நூலகர். முடிவில் மரியாதைக்காக, உங்கள் பினாங்கிலும் தமிழ் இலக்கிய வரலாறு உண்டா என்று கேட்டார். பக்கத்தில் சேகர் நிற்கிறான். "உண்டாவா? வாருங்கள், நானே நடத்திக் காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். குளிரில் வாய் தானாக ஆடும். அப்படி ஆடியதில் விழுந்த வாக்கியம் அது.

அமெரிக்கர்களிடம் ஒரு கெட்ட பழக்கம், வரச்சொன்னால் வந்துவிடுவார்கள். அடுத்த வருடம் சேகர் விடுமுறைக்கு வந்தபோது கூடவே மார்த்தாவும், அவருடைய வாசகர் வட்டத்தைச் சேர்ந்த ஆறு பேரும் வந்து இறங்கினார்கள். நான் காட்டும் இடங்களில் சிறந்ததைப் படமெடுத்துத் தங்கள் நூலகச் சுவரில் மாட்டப்போவதாக மார்த்தா வேறு எழுதியிருந்தார். ஆக, என் மானத்தோடு பினாங்கின் மானமும் சேர்ந்து என் கையில்.

இந்த ஊரில் தமிழ் அச்சகங்கள் இருந்தன, பத்திரிகைகள் இருந்தன. விவரம் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே. அதனால் குடையும் குறிப்பேடுமாக மூன்று நாள் கடைத்தெருவைத் தனியாகச் சுற்றினேன். மூன்றாம் நாள், ஒரு பூக்கடையை ஒட்டிய சந்தில் அந்தச் சுவரைக் கண்டேன்.

காரை பெயர்ந்த சுவரில் நீலச் சாயத்தில் பெரிய தமிழ் எழுத்துகள். 'இங்கு சிறு' என்பது தெளிவாக இருந்தது. பிறகு இரண்டு எழுத்து அழிந்திருந்தது. அடுத்து 'கழ'. அதற்குமேல் காரையே இல்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இங்கு சிறுகதைக் கழகம்! கீழே சாய்வாக ஒரு கோடும் கூரிய முனையும் தெரிந்தன. எழுதுகோல், கழகத்தின் சின்னம். இடைவெளி இரண்டு எழுத்துக்குத்தான் இருந்தது என்பதால், நம் முன்னோர் 'சிறுகதை'க்கும் 'கழக'த்துக்கும் நடுவே ஒற்று போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் வருத்தப்பட்டேன். (என் கவலை இலக்கணத்தோடு நின்றது.)

பூக்கடையில் ஓர் அக்கா மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆராய்ச்சியாளன் பூக்கடையில் போய்க் கேட்பானா?

நடை நாளன்று விசேஷத்துக்குப் போடும் பூப்போட்ட பாத்தேக் சட்டை மாட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கு அவர்களைச் சந்தில் நிறுத்தினேன். துறைமுகத்தில் மூட்டை இறக்கிய தமிழர்கள் வேலை முடிந்ததும் இங்கே கூடிக் கதை படித்தார்கள் என்றேன். விமர்சனம் கடுமையாக இருக்கும் என்றேன். ஒருவர் அழுததாகக்கூடச் சொன்ன ஞாபகம். நடுவில் ஓர் அம்மையார் மூக்கைச் சுருக்கி, ஏதோ வாடை வருகிறதே என்றார். "அது பழமையின் வாசனை. கண்ணை மூடி ஆழமாக இழுத்து உள்வாங்குங்கள்" என்றேன். ஏழு பேரும் கண்ணை மூடி உள்வாங்கினார்கள். சேகர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

மார்த்தா நூலகர். நூலகர்களுக்கு ஒரு சான்று போதாது. பக்கத்துக் கடையில் யாருக்காவது இந்தக் கழகத்தைப் பற்றித் தெரியுமா, கேள் என்று சேகரை அனுப்பினார்.

"அக்கா, இந்தக் கழகத்துல உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் இருந்தாங்களான்னு இவங்க கேக்குறாங்க" என்றான் சேகர்.

"எந்தக் கழகம் தம்பி?"

"செவுத்துல எழுதியிருக்கே. சிறுகதைக் கழகம்னு."

அக்கா நூலைக் கடித்துத் துப்பிவிட்டு எழுந்து வந்தார். சுவரைப் பார்த்தார். என் பாத்தேக் சட்டையைப் பார்த்தார்.

"அது எங்கப்பா எழுதுனது லா. இங்கு சிறுநீர் கழிக்காதீர். தண்டாஸ் அந்தப் பக்கம்னு கீழ அம்புக்குறிகூட போட்டாரு, பாதி அழிஞ்சிருச்சு. எவன் கேட்டான்? இன்னைக்கும் அதுக்கு நேரா வந்து நின்னுதான் போறானுங்க."

என் எழுதுகோல் கழிவறையைக் காட்டும் அம்பாக மாறிய அந்த நொடியில் சேகரின் முழங்கையைப் பிடித்தேன்.

"மச்சான், அதை மட்டும் அப்படியே சொல்லிடாதப்பா."

"எதை மாமா?" என்றான். பிறகு அப்படியே சொன்னான். ஒரு வார்த்தை விடவில்லை. அம்புக்குறியைக் கையால் வரைந்தே காட்டினான். ஆழமாக உள்வாங்கிய ஏழு பேரும் ஒன்றாக மூச்சை வெளியே விட்டார்கள்.

மார்த்தா மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எழுதியவர் சொன்னதை இத்தனை வருடமாக ஒருவரும் கேட்கவில்லையா என்றார். இல்லையாம் என்றான் சேகர்.

"அப்படியானால் இது இலக்கியம்தான்" என்று சொல்லிவிட்டுப் படமெடுத்தார். அந்தப் படம் இன்றும் பாஸ்டனில் அந்த நூலகச் சுவரில் தொங்குகிறது. கீழே எழுதியவர் என்று பூக்கடை அக்காவின் அப்பா பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. அதற்காக நான் கும்பிடாத சாமி இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கழிவறைக்கு அந்தப் பெயர் கிடையாது. யாரானாலும் 'கழகத்துக்குப் போய்ட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பழகிப்போனதில் அது கேலி என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க, அக்கரையிலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா எங்கே என்று பையனின் தகப்பனார் கேட்டிருக்கிறார். "கழகத்துல இருக்காரு, இப்ப வந்துருவாரு" என்றிருக்கிறாள் மகள், பழக்க தோஷத்தில். நான் கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தால், மனிதர் எழுந்து நின்று கும்பிடுகிறார்.

"பொதுப் பணியெல்லாம் செய்றீங்கன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எந்தக் கழகங்க?"

"சிறுகதைக் கழகம்" என்றாள் மகள், தரையைப் பார்த்தபடி.

"ரொம்ப சந்தோஷம். அதுல என்னா பொறுப்புல இருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள், தேநீரை நீட்டிய என் மனைவி முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னாள்:

"ஆயுள் உறுப்பினர். சர்க்கரை வந்ததுலேர்ந்து தினம் பத்துக் கூட்டம்."