பந்தல்குடிக்குப் போன மதுரை பஸ்

இனி இந்த வீட்டில் நான் வைத்ததுதான் சட்டம் என்று ஒரு டிசம்பர் காலையில் முடிவு செய்தேன். 1993ஆம் வருடம். சட்டத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. மனைவி தெரசாள் அடுப்படியில் இருந்தாள்.

சிக்கல் எங்கள் மகள் ஷெரின். மூன்றாம் வகுப்பு. பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார மாட்டாள். வாரத்துக்கு ஆறு பென்சில் தொலைப்பாள். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கும் ஓணானோடு பேசப் போய்விடுவாள். ஜனவரியிலும் இப்படியே இருந்தால் டி.சி. தந்துவிடுவோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். நான் ஸ்கேலால் இரண்டு முறை புத்தி சொன்னேன். ஸ்கேல்தான் உடைந்தது.

தெரசாள் அவளை டவுனில் குழந்தை டாக்டரிடம் காட்டினாள். அவர் மதுரைப் பெரியாஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

"மனநலமா? பிள்ளைக்குப் பைத்தியம்னு பேர் வச்சுருவாங்க. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"எட்டு வயசுப் பிள்ளைக்கு இப்பவே மாப்பிள்ளை பாக்கீகளாக்கும்?"

பக்கத்து வீட்டு மொக்கையன் வேறு வழி சொன்னார். பந்தல்குடியில் ஒருவர் கயிறு மந்திரித்துக் கட்டுகிறாராம். ஒரே வாரத்தில் பிள்ளை பொம்மை மாதிரி உட்காருமாம். ஆனால் நான் எங்கள் சர்ச்சில் பங்குப் பேரவை உறுப்பினர். கயிறு கட்டப் போனது பங்குச் சாமியார் காதுக்கு எட்டினால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமே என்னைப் பற்றித்தான்.

ஆச்சரியம், தெரசாள் எதிர்க்கவே இல்லை.

"சரி, போவோம். ஆனா பஸ் ஸ்டாண்டுல நம்ம கோயில் ஆளுக நிப்பாக. துண்டால தலைய மூடிக்கங்க. குனிஞ்சே வாங்க. டிக்கெட்ட நான் எடுத்துக்கிறேன்."

எவ்வளவு பொறுப்பான மனைவி! துண்டுக்குள்ளேயே பஸ் ஏறினேன். ஊரைத் தாண்டியதும் துண்டை எடுத்தேன். பக்கத்துச் சீட்டு விவசாயி தன் காட்டில் போர் போட்ட கதையை ஆரம்பித்தார். முந்நூறு அடி இறங்கியும் தண்ணீர் வரவில்லை. காரியாபட்டி வந்துவிட்டது.

"ஏ தெரசா, பந்தல்குடிக்கு எதுக்குக் காரியாபட்டி வருது?"

ஷெரின்தான் பதில் சொன்னாள். "போர்டுல மதுரைன்னு பெருசா போட்டிருந்துச்சேப்பா. ஏறும்போதே வாசிச்சேன்."

"எங்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"ரெண்டு தடவை சொன்னேன். நீங்க தண்ணி வந்துச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க."

தெரசாள் டாக்டர் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து விசிறிக்கொண்டாள்.

மதுரை டாக்டரம்மா ஷெரினோடு நெடுநேரம் விளையாடினார். எங்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். பிறகு சொன்னார்:

"இது திமிரும் இல்ல, பைத்தியமும் இல்ல. உங்க வளர்ப்புக் குறையும் இல்ல. கவனத்த ஓரிடத்துல நிறுத்துறது சில பிள்ளைகளுக்கு நெசமாவே கஷ்டம். அடிச்சா சரியாகாது."

நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"முன் பெஞ்சுல உக்கார வைக்கணும். முகத்தப் பாத்து, ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லணும். அதத் திருப்பிச் சொல்லச் சொல்லணும். செஞ்சா பாராட்டணும். மருந்து வேணுமான்னு போகப் போகப் பாத்து முடிவு பண்ணலாம். ஒரு வாரத்துல குணமாக்குறேன்னு எவர் சொன்னாலும் நம்பிப் போயிடாதீங்க. ஆமா, குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி உண்டா?"

"எங்க வம்சத்துலயே கிடையாது" என்றேன்.

தெரசாள் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஷெரின் கேட்டாள்: "அப்ப நான் கெட்ட பிள்ளை இல்லையாப்பா?" நல்ல பிள்ளைதான் என்று சொல்லி, ஜன்னலோரச் சீட்டை அவளுக்கு விட்டுக்கொடுத்தேன்.

டாக்டரம்மா பள்ளிக்கும் ஒரு கடிதம் தந்திருந்தார். ஷெரின் முன் பெஞ்சுக்கு வந்தாள். டி.சி. பேச்சு நின்றது. பென்சில் வாரத்துக்கு மூன்றுதான் தொலைந்தது.

அப்புறம் ஒரு நாள் கடைக்குக் கிளம்பினேன். தெரசாள் மகளிடம் கண்ணைக் காட்டினாள். ஷெரின் நாற்காலியில் ஏறி, என் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, ஒரே ஒரு வேலைதான். சீனி. எங்க, திருப்பிச் சொல்லுங்க?"

"சீனி."

"சமத்து!"

வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போய், ஒரு கிலோ உப்போடு திரும்பினேன்.